தள்ள ஆளில்லாத இடத்துக்கு ஒரு வண்டி

செகந்திராபாத் கிங்ஸ்வேயில் சாரங்கபாணி நடத்திவந்த மோட்டார் சைக்கிள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வண்டி வாங்க வருகிறவர் யாரானாலும் சரி, பிடித்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு கோப்பை இரானி டீயைக் குடித்து முடிக்கும்வரை கீழே இறங்கக் கூடாது. "ஏறின உடனே பின்பக்கம் பொய் சொல்லும் சார். டீ தீர்ந்த பெறகுதான் அது வாயைத் திறந்து உண்மையைப் பேசும்" என்பார். முன்பொரு ஜாகிர்தார் அப்படி டீ குடித்துக்கொண்டே தூங்கிப்போனாராம். பெரிய மனிதரை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. வண்டியோடு சேர்த்து அவரையும் கடையின் கண்ணாடி முகப்பிலேயே விட்டுவைத்ததில், அன்றைக்கு நடந்த வியாபாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏனோக் அப்போது மூன்றாவது வண்டியில் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். முதல் வண்டியின் சீட் அவருடைய இடுப்பெலும்பைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தியது. இரண்டாவதின் ஹாண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தவர் நிமிர்வதற்கு நண்பர் நடேசனின் கை தேவைப்பட்டது. மூன்றாவது எப்படி என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூன்று டீயும் சேர்ந்து வேறொரு இடத்தில் உண்மையைப் பேசத் தொடங்கியிருந்தன. அறுபதை நெருங்குகிறவனுக்கு டீ வாங்கித் தருவதே ஒருவகையில் பகையாளி செய்கிற வேலை என்று அவருக்குத் தோன்றியது. மனைவி டோரிஸ் முக்காலியில், மடியில் ஒரு இலவம்பஞ்சுத் திண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. முதல் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட வண்டி. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில் வாங்கியது. அது கிளம்பினால் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் கைக்குழந்தைகள் தூங்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். "பட்பட்டிக்காரர்" என்றால் அவர்தான். எல்லாம் வலது முழங்கால் நன்றாக இருந்தவரைக்கும். முழங்கால் போனபிறகு கிக்கரை மிதிப்பது முடியாத காரியமாகிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆனதும் மெட்டுகுடா மேட்டின் உச்சியில் வாடகைக்கு வீடு பிடித்தார். காற்றோட்டம் என்று சொன்னார். காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டால் போதும், பாதிச் சரிவில் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையைச் சரிவுகள் நடத்தின. சர்ச்சை மாற்றிக்கொண்டார், புதுப் போதகரின் பிரசங்கம் உருக்குகிறது என்றார். உருக்கியது அந்தச் சர்ச் வாசலில் இருந்த இறக்கம். மளிகைக்கடை, நாவிதர், டாக்டர் எல்லோரும் மேட்டுக்கு மாறினார்கள். மாரெட்பள்ளியில் மைசூர்பாகு போலச் சமமான மனையில் வீடு கட்டிய மச்சினன் ரூஃபஸின் உறவு அன்றோடு அறுந்தது. அக்காளும் அத்தானும் ஏன் வருவதில்லை என்று யோசித்து யோசித்து, அது அப்பா விட்டுப்போன சொத்துத் தகராறுதான் என்ற முடிவுக்கு வந்து, ரூஃபஸ் வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டான்.

ஒரே ஒரு சமதரையை மட்டும் அவரால் விட முடியவில்லை. உப்பலுக்கு அப்பால், ரோடு ஆளரவமற்றுப் போகிற இடத்தில், நீளமான மதிலும் கம்பிக்கதவும் வைத்த பெருவியாதி ஆஸ்பத்திரி. அங்கேதான் மகள் ஐவி இருந்தாள். பெங்களூரில் டீச்சராக இருக்கிறாள் என்று டோரிஸ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பெங்களூரின் குளிருக்கு என்று அக்கம்பக்கத்தார் பார்க்க ஸ்வெட்டர்கூடப் பின்னினாள். ஒருமுறை பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி அந்த இடத்தின் பெயரைக் கத்தி, டிக்கெட்டை டோரிஸ் கையில் தராமல் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் மேல் வைத்தான். ஜட்கா வைத்துக்கொண்டால் ஜட்காக்காரன் சும்மா இருந்தாலும் அவன் வாய் சும்மா இருக்காது. ஆக, பட்பட்டிதான். சனிக்கிழமை சாயங்காலம், பின்னால் கேரியரில் திண்டைக் கட்டி, அதில் டோரிஸ் ஒருக்களித்து உட்கார, இரண்டு பேரும் போவார்கள்.

திரும்பும்போது வண்டியைக் கிளப்ப அங்கே சரிவு ஏது? முதல் தடவை ஏனோக் பட்ட பாட்டைப் பார்த்து, உள்ளே இருந்தவர்கள் தாங்களாகவே வெளியே வந்தார்கள். விரல் இல்லாதவர்கள் தோளைக் கொடுத்தார்கள். கால் சரியில்லாதவர்கள் குரலைக் கொடுத்தார்கள். "மார் தக்கா!" என்று ஒரு கிழவர் கத்த, "தக்கா!" என்று மற்றவர்கள் கத்த, வண்டி உருண்டு, இருமி, பிடித்துக்கொள்ளும். வாரம் முழுக்க நீரடிமுத்து எண்ணெய் ஊசியைத் தவிர வேறொன்றும் நடக்காத இடத்தில் அது ஒரு திருவிழா. சில நாள் வண்டி உடனே பிடித்துவிட்டால் கிழவர் கோபித்துக்கொள்வார். அதற்காகவே ஏனோக் கொஞ்ச நேரம் கியரைப் போடாமல் உருளவிடுவது உண்டு.

ஐவி எப்போதும் இடது பக்கத்தில் பின்னால் நின்று தள்ளுவாள். அம்மாவைத் தொடக்கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட விதி. உள்ளங்கையைத் திண்டின் ஓரத்தில் வைத்துத் தள்ளுவாள். டோரிஸ் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் வண்டி நகரத் தொடங்கியதும் அவள் ஓர் அங்குலம், ஒரே ஓர் அங்குலம், பின்னால் நகர்ந்து உட்காருவதை ஏனோக் தன் முதுகால் அறிவார். அவளுடைய இடுப்பு மகளின் உள்ளங்கையில் போய்ப் படும். எஞ்சின் பிடிக்கிறவரைக்கும்தான். இதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதே இல்லை.

புதிதாக ஒரு சூப்பரிண்டெண்ட் வந்து, உள்ளே இருப்பவர்கள் யாரும் இனிக் கதவுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டார். பார்க்க வருகிறவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாம். முந்தின சனிக்கிழமை ஏனோக் எஞ்சினை அணைக்காமலே நிறுத்திப் பார்த்தார். வண்டி கத்திய கத்தலில் ஐவி சொன்னது எதுவும் காதில் விழவில்லை. டாங்கியில் பெட்ரோலும் தீர்ந்தது. அந்த வழியாகப் போன மாட்டுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு, மாட்டை முந்தக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில், வீடு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது மூன்றாவது டீ முடிந்தது.

"எப்படி இருக்கு சார்? உண்மையைச் சொல்லுங்க" என்றார் சாரங்கபாணி.

"உண்மைய அப்புறம் சொல்லுதேன். மொதல்ல கொல்லப்பக்கம் எங்க இருக்கு?"

அவர் திரும்பி வந்தபோது சாரங்கபாணி நான்காவது வண்டியின் துணியை விலக்கியிருந்தார். கறுப்பும் பொன்கோடுமாக, தேர் மாதிரி நின்றது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் தனித்தனியாகத் தடித்த ஸ்பிரிங். ஏனோக் ஏறி உட்கார்ந்தார். முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது.

"அம்மா, நீங்களும் ஏறிப் பாருங்க. கைக்கூ? எதுக்குக் கூச்சம்? நம்ம கடைதான்."

டோரிஸ் திண்டை முக்காலியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்சீட்டில் ஏறினாள். ஸ்பிரிங் அமுங்கி மெல்ல எழுந்தது. இடுப்பு வலியோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவள், கண்ணை மூடிக்கொண்டாள். சாரங்கபாணி டீ சொல்லவும் மறந்துவிட்டார்.

"ஏங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கட்டில் மாதிரி இருக்கு."

"கெளப்பிப் பாருண்ணா" என்றான் நடேசன்.

ஏனோக் கிக்கரின் மேல் காலை வைத்தார். முழங்காலிடம் மனதுக்குள் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிதித்தார். கிக்கர் பாதிவழி இறங்கி, யோசித்து, அவரைத் திருப்பி உதைத்தது. இன்னொரு தடவை. முழங்காலுக்குள் யாரோ தேங்காய் உடைத்தார்கள். மூன்றாவது தடவை கால் கிக்கர் வரைக்கும் எழவே இல்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. டோரிஸ் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் திறந்துவிட்டது.

நடேசன் பக்கத்தில் நின்றபடியே செருப்புக்காலால் ஒரு மிதி மிதித்தான். வண்டி குதித்து உறுமியது.

"அவ்ளோதாண்ணா. இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு? போற எடத்துல யாரையாச்சும் ஒரு தள்ளு தள்ளச் சொன்னா ஆச்சு."

"தள்ள ஆளில்லாத எடத்துல கெளப்பணும்டே" என்றார் ஏனோக். "மேடும் கெடையாது, ஆளும் கெடையாது."

சாரங்கபாணி எஞ்சினை அணைத்தார். "அப்படி எங்க சார் போறீங்க? நிஜாம் ராஜ்ஜியத்துல ஆளில்லாத எடமா?"

ஏனோக் ஹாண்டிலைத் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை. டோரிஸ் பெங்களூரைச் சொல்ல வாய் திறந்து, பெங்களூருக்குப் பட்பட்டியில் போக முடியாது என்பது நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டாள்.

"மீன் பிடிக்கப் போறாரு" என்றான் நடேசன். கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உப்பலாண்ட ஒரு ஏரி. வாரா வாரம் போவாரு. ஒரு மீன்கூட எனக்குக் குடுத்தது இல்ல. நானும் கேக்கறது இல்ல."

ஏனோக் அவனைப் பார்த்தார். நடேசன் பார்வையைக் கூரையிலிருந்து இறக்கவே இல்லை. எத்தனை வருஷமாக அவனுக்குத் தெரியுமோ.

சாரங்கபாணி காதைச் சொறிந்துகொண்டு மூலைக்குப் போனார். அங்கிருந்து ஒரு வண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். கொசுவைப் பிடித்து இரும்பால் செய்துவைத்த மாதிரி இருந்தது. "இது வேணா பாருங்க. கொழந்தைகூட கெளப்பும். சீட்டைப் பத்தி மட்டும் நக்கோ, கேக்காதீங்க."

சீட் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரோ கோபத்தில் ஆப்பக்கரண்டியைக் கவிழ்த்துத் தோலைப் போர்த்திவிட்டிருந்தார்கள். ஏனோக் அதன்மேல் உட்கார்ந்ததும் முதுகெலும்பின் முடிச்சுகள் மறுபடியும் கலைந்து அவரவர் ஊருக்குப் போயின. ஆனால் கிக்கரின் மேல் பாதம் பட்டதுமே வண்டி பிடித்துக்கொண்டது. முழங்காலுக்கு விஷயமே தெரியாது.

"பின்னால ஆள் உக்காரலாமா?"

"ஹவ், உக்காரலாம். முன்சக்கரம் மேல போயிடும், அவ்வளவுதான். ஒத்தை ஆளு வண்டி சார் இது."

டோரிஸ் பெரிய வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்குவதற்கு முன்பு பின்சீட்டை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள், சந்தையில் பழத்தை அமுக்கிப் பார்த்து வைத்துவிட்டு வருகிறவளைப்போல. சின்ன வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். அங்கே நம்பர் பலகையும், அதற்குக் கீழே தரையும்தான் இருந்தன.

"இதயே எடுங்க" என்றாள்.

"ஏட்டி, அப்பம் நீ?"

"யாராச்சும் ஒருத்தர் போவணும்லா."

முக்காலியிலிருந்து திண்டை எடுத்துவந்து அந்தக் கரண்டிச் சீட்டின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "இதுல உக்காருங்க. இல்லன்னா முதுகு போயிரும்" என்றாள். சாரங்கபாணி அன்றைக்கு மட்டும் தன் சட்டத்தைத் தளர்த்தி, நான்காவது டீ இல்லாமலே வண்டியை வெளியே விட்டார்.

சனிக்கிழமை ஏனோக் தனியாகப் போனார். உப்பலைத் தாண்டிய ரோட்டில் வண்டி ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு போனது. டோரிஸ் மேட்டு வீட்டின் வாசலில் நின்று, அவர் சரிவில் உருளாமல், நின்ற இடத்திலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. புதிய ஸ்வெட்டர் பொட்டலம் அவர் சட்டைக்குள் இருந்தது.

கதவுக்குப் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். வண்டியைப் பார்த்து ஒரே சிரிப்பு. "அய்யா, பெரிய வண்டியோட குட்டியா இது?" என்று கிழவர் தெலுங்கில் கேட்டார். ஐவி சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். பிறகு திண்டைப் பார்த்தாள்.

"மம்மி வரல்லியா டாடி?"

"அடுத்த வாரம் வருவா."

ஐவி தலையசைத்தாள். அந்த வண்டியில் அடுத்த வாரம் என்பதற்கு இடமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. கம்பி வழியாகப் பொட்டலத்தைக் கொடுத்தார். கொஞ்சம் பேசினார்கள். ரூஃபஸ் மாமா வக்கீல் வைத்த கதையைச் சொன்னார். அதற்கு மட்டும் சிரித்தாள். வெயில் சாய்ந்தது.

"கெளம்பட்டா?"

"ம்."

அவர் வண்டியில் ஏறினார். பின்னால் சலசலப்புக் கேட்டது. அவரவர் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் தோள்கள், மொண்ணைக் கைகள். ஐவி இடது ஓரம். கிழவர் மூச்சை இழுத்து, "மார் தக்—" என்றார்.

அதற்குள் வண்டி பிடித்துக்கொண்டுவிட்டது.

ஏனோக் மெதுவாகத்தான் நகர்த்தினார். அதைவிட மெதுவாகப் போனால் விழவேண்டியதுதான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். கதவில் அத்தனை பேரும் கை வைத்தபடியே இருந்தார்கள். ஐவியின் உள்ளங்கை கம்பியின் மேல் பதிந்து, தள்ளிக்கொண்டிருந்தது. பூட்டு ஒருமுறை ஆடி நின்றது.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். வண்டி நேரான ரோட்டில் சின்னக் குரலில் பேசிக்கொண்டே போயிற்று. தம்மை அறியாமல் அவர் திண்டின் மேல் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முதுகில் காற்று பட்டது.