மூச்சில் வந்த பதினேழு

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

நான் பொதுச் சுகாதார ஆய்வு ஒன்றில் களப்பணியாளர். வீட்டில் பழைய காலத்துச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைகள் சிகரெட் பக்கம் போவது குறைவு என்று எங்கள் பேராசிரியருக்கு ஒரு நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கப் பள்ளி பள்ளியாக அலைந்தோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பத்தொரு கேள்வி. என்ன தானியம், யார் இடித்தது, மண் பாத்திரமா உலோகமா, கீரை வாரத்தில் எத்தனை நாள் என்று போகும். கடைசியில் கையடக்கமான ஒரு கருவியில் ஊதச் சொல்வோம். புகை பிடித்தால் மூச்சில் தங்கும் வாயு எவ்வளவு என்று அதில் எண் வரும். பத்தைத் தாண்டினால் சிவப்பாக எரியும். அந்தப் பிள்ளை புகைப்பதாகக் கணக்கு.

என்னோடு வரும் கண்ணாடி அண்ணனுக்கு அந்தப் பொடி எண் கண்ணுக்குத் தெரியாது. நான் வாசிப்பேன், அவர் எழுதுவார். காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது என்று பிள்ளைகளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறோம். அன்று மைதானத்தில் ஒரே கூச்சல். அண்ணன் இரண்டு தடவை என்னது, என்னது என்று கேட்டார். எரிச்சலில் "பதினேழு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கதவோரம் நின்ற உடற்பயிற்சி ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். என் எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பிடிக்கறதில்லக்கா," என்றாள்.

எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை மீதி வகுப்புகளுக்காகப் போனபோது தலைமையாசிரியை எங்களுக்கு நன்றி சொன்னார். கழிப்பறைக்குப் பின்னால் புகை பிடிக்கும் கூட்டத்தை ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் புண்ணியத்தில் ஒருத்தி பிடிபட்டாளாம். அம்மாவை வரவழைத்துச் சொல்லியாகிவிட்டது, பெண்ணைப் பள்ளியிலிருந்து நீக்கக் கடிதமும் தயார், நாளை கையெழுத்து. அந்த எண்ணை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது, தப்பு என்னுடையது என்று எவ்வளவோ சொன்னேன். அப்படியானால் எண் பொய்யா என்று ஒரே கேள்வி கேட்டார். எண் பொய்யில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

சாயந்திரம் மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. பின்னறைதான் சமையலுக்கு, ஜன்னல் கிடையாது. பெண் தரையில் குந்தி, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேசவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ வாயை மோந்து பாத்தேன். தலைய மோந்து பாத்தேன். எல்லாம் ஒரே பொகை நாத்தம். ஆனா இந்த வீட்டுல எதுதான் நாறல, சொல்லுங்க," என்றாள்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன். அவள் அழுததால் துடைத்தாள், எனக்குப் புகையில் எரிந்தது. இருமல் வேறு. இருமி முடித்தபோதுதான் என் மரமண்டையில் உறைத்தது.

வாசலுக்கு ஓடிவந்து பேராசிரியருக்குப் போன் செய்தேன். பாவம், அவர் இரண்டு வாரமாக இடிந்துபோயிருந்தார். பழைய காலத்துச் சாப்பாடு சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சிவப்பு அதிகமாக வந்திருந்தது. அந்த வீடுகளில் விறகடுப்புதானே, சிகரெட் புகையோ விறகுப் புகையோ, வாயு ஒன்றுதானே, கருவிக்கு வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கேள்வித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தெரியாதும்மா. நாப்பத்தொரு கேள்வில அடுப்பைப் பத்தி ஒண்ணுகூடக் கேக்கலையே நாம," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, சமைத்த கையோடு நேராகப் பள்ளிக்கு வரும்படி அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வந்தாள். முழங்கையில் சாம்பல் அப்படியே இருந்தது. மகள் நாலடி தள்ளி நின்றாள். மேசைமேல் கடிதம், பக்கத்தில் மூடி திறந்த பேனா. முதலில் தலைமையாசிரியையையே ஊதச் சொன்னேன். மின்சார அடுப்பு வீடு, எண் இரண்டு. பிறகு அந்த அம்மாவிடம் கருவியை நீட்டினேன். இங்கே நாலோ ஐந்தோ வந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

இருபத்தொன்று.

"அப்போ இந்தம்மாவும் உங்க கழிப்பறைக்குப் பின்னாடி வந்துதான் பிடிக்கறாங்களா, மேடம்?" என்று கேட்டேன்.

தலைமையாசிரியை கருவியை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அந்தப் பெண்ணை அருகே கூப்பிட்டு, தப்பு எங்கள்மேல்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். நானும் சொன்னேன்.

அழுவாள், சிரிப்பாள், எங்களை நாலு வார்த்தை கேட்பாள் என்று அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு என்னைவிட நாலு அதிகமாக்கா?"

ஆமாம் என்றேன். அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இனிமே அடுப்பை நான் பாத்துக்கறேன். நீ கிட்ட வராத."

"நீயா? நீ அடுப்பு இருக்கற பக்கமே தலைவைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"அப்ப வெளில தூக்கி வை."

"மழை பெஞ்சா?"

"தகரம் போடு."

தகரத்தை யார் வந்து அடிப்பது என்று அம்மா கேட்டாள். நானே அடிப்பேன் என்றாள் மகள். ஆணி பிடிக்கத் தெரியுமா உனக்கு என்றாள் அம்மா. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத இருவரும் படியிறங்கி மைதானத்தைத் தாண்டும்வரை ஓயவில்லை. நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியான சண்டையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.