ஞாயிற்றுக்கிழமைச் சமநிலை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடம், கடைசி வரிசை. 'பணியும் வாழ்வும்: ஒரு சமநிலை' என்ற பயிலரங்கு நடந்துகொண்டிருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. வராத ஆசிரியர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். (இது கற்பனை இல்லை, அந்த அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பேராசிரியரின் கண்களில் தீராத சோகம்...' அடித்துவிட்டேன். ஒரே அறையில் எங்களுக்கு எதிரெதிர் மேசை என்றாலும் அவர் கண்களை நான் சரியாகப் பார்த்ததில்லை. நடுவில் விடைத்தாள் கட்டுகள்.

இரண்டாம் முயற்சி: சென்ற வாரம், மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் நேரம். வாசலில் வரிசை. நடுவில் நின்ற ஒரு பெண்ணின் முறை வந்தது. பேராசிரியர் தலைநிமிரவில்லை.

"ரோல் நம்பர் சொல்லும்மா."

"அப்பா, நான்தான்."

"நீயா! இங்க எதுக்கு வந்தே?"

"வீட்ல உங்களப் பிடிக்க முடியலையே. இங்கன்னா வரிசைல நின்னாலாவது முறை வருது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கிளம்புறேம்ப்பா. பதினோரு மணி ரயிலு. வேலைல சேந்துட்டா மறுபடி எப்ப வருவேனோ. ஸ்டேஷனுக்கு வருவீங்கல்ல?"

"வராம இருப்பேனாடா கண்ணு?" என்றவர், அதே மூச்சில், "அடுத்தது யாரு?" என்றார்.

3

இங்கே அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வசதி. மனுஷர் அப்படி இல்லை. இந்தப் பயிலரங்கில் பேசச் சொன்னபோது மறுக்கத்தான் வாயெடுத்தார். "உங்கள விட்டா யாரு சார் இருக்கா?" என்றார் துணைவேந்தர். இந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் கூட்டம் பெண்டாட்டி பிள்ளைகளையே... (முடிக்க வேண்டாம். என் மனைவியும் இதைப் படிப்பாள்.)

4

மணி பத்தரை. அவர் மேடையில். 'குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்' என்று திரையில் பெரிய எழுத்து. மேசையில் கைப்பேசி அதிர்கிறது. பார்க்கிறார். கவிழ்த்து வைக்கிறார்.

முடிவு அ: மைக்கை வைத்துவிட்டு ஓடுகிறார். கைதட்டல். (சினிமா.)

முடிவு ஆ: பேசி முடிக்கிறார். கைதட்டல். (வழக்கம்.)

ரயில் நிலையம் பக்கம்தான். கார் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் எழுந்துபோய் "வாங்க சார்" என்றால் போதும். எழுந்தால் துணைவேந்தர் பார்ப்பார். அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இந்தக் கூடத்தில் இல்லை. உங்களிடம் யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. நீங்களாவது போய் அவரை...