ஐந்தாம் வார்டும் ஆட்டுப் பண்ணையும்

தொற்றுநோய்த் தடுப்புக் கூட்டுக் குழுவுக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மனிதரைப் பார்க்கிறவர்களும் மிருகங்களைப் பார்க்கிறவர்களும் தண்ணீரைப் பார்க்கிறவர்களும் இனி ஒன்றாக உட்கார வேண்டும் என்று உத்தரவு. வந்தது மூன்றே பேர்: கால்நடை டாக்டரம்மா, காய்ச்சல்காரர்கள் படுக்கும் ஐந்தாம் வார்டின் தலைமை நர்ஸ், கொசு ஒழிப்பு ஆய்வாளர். புகை மருந்து அடித்துக்கொண்டே தெருத்தெருவாக வருவதால் ஆய்வாளருக்கு ஊரில் ‘புகைவண்டி’ என்று பெயர். கூட்டத்தைக் கூட்டிய அதிகாரி சுற்றறிக்கையைப் படித்து முடித்து, “நீங்க பேசிட்டிருங்க” என்று வேறொரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பேசுவதில்தான் சிக்கல். நர்ஸ், டாக்டரம்மாவின் நாத்தனார். கல்யாண வீட்டில் வாய் தவறி விழுந்த ஒரு சொல்லால் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்தடுத்த தெருவில் இருந்தும் முகம் கொடுப்பதில்லை.

புகைவண்டிதான் ஆரம்பித்தார். “மழை விட்டு மூணு வாரமாச்சு. ஆடு அறுக்கிற கூடத்துக்குப் பின்னாடி தண்ணி இன்னும் வடியல. கொசு இப்படி மொய்ச்சு நான் பார்த்ததில்ல.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தே சொன்னாள். “அதை ஒட்டி நாலு பண்ணை. சினை ஆடு ஒண்ணு விடாம குறை மாசத்துல செத்த குட்டியாப் போடுது. எங்க ஆபீசுக்கு ரெண்டு தடவை எழுதிட்டேன்.”

நர்ஸின் பேனா நின்றது. அவளும் புகைவண்டியிடமே பேசினாள். “என் வார்டுல அஞ்சு பேரு காய்ச்சலோட கிடக்காங்க. ரெண்டு பேருக்கு ஈறுல ரத்தம். நாலு பேரு ஆடு அறுக்கிறவங்க, ஒருத்தரு ஆடு மேய்க்கிறவரு. நானும் எங்க ஆபீசுக்கு எழுதினேன்.”

புகைவண்டி ஊர் வரைபடத்தை விரித்தார். ஆளுக்கொரு பேனாவால் பண்ணைகளையும், நோயாளிகளின் வீடுகளையும், தேங்கிய தண்ணீரையும் குறித்தார்கள். எல்லாம் ஒரு உள்ளங்கை இடத்துக்குள் அடங்கிவிட்டன.

நர்ஸ் நிமிர்ந்து முதல் தடவையாக எதிரே பார்த்தாள். டாக்டரம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணி, அந்தக் குட்டிங்கள எடுக்கும்போது கையுறை போட்டிருந்தீங்களா?”

“முதல் பண்ணையில போட்டேன். அப்புறம் தீர்ந்துபோச்சு.”

நர்ஸ் எழுந்து வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்தாள். “கொதிக்குது. வார்டுக்குக் கிளம்புங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“கூடத்த இன்னிக்கே மூடணும். யாரக் கேக்கறது?”

“கேட்டா நாளாகும்,” என்று புகைவண்டி எழுந்தார். “மருந்து அடிக்கப் போறேன்னு சொல்லி நானே பூட்டிடறேன்.”

பரிசோதனை முடிவு ஐந்தாம் நாள் வந்தது. ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே கிருமி. அதற்குள் வார்டில் பதினொரு பேர். ஆடு மேய்க்கிறவர் முந்தின நாளே இறந்துவிட்டிருந்தார்.

டாக்டரம்மா எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். நாத்தனார் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். பழைய சொல்லைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை.

அப்போது போன் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரின் கால்நடை மருத்துவர். “மேடம், இங்கயும் ஆடுங்க செத்த குட்டியாப் போடுது.”

“உங்க ஊர் ஆஸ்பத்திரியில காய்ச்சல் வார்ட யாரு பாக்கறாங்க?”

“தெரியாதே மேடம். அவங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?”

நர்ஸ் போனை வாங்கினாள். “தம்பி, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?”



“நேத்துலேருந்து லேசா காய்ச்சல்.”