ரஸ்க்குக்கு மட்டும் சொன்னது

ஜெர்மனியில் இருக்கும் மகன் பரணி போனில் விஷயத்தைச் சொன்னபோது ராஜவேலுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராமநாதபுரம் பக்கம், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு. அதில் கூடாரம் போட்டுத் தங்கலாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னான்.

"எதுக்குடா அவ்வளவு தூரம்? நாங்க பழனி போனாப் போதாதா?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

"இல்லப்பா, அங்க நாயைக் கூட்டிட்டுப் போக உடறாங்க. ரஸ்க் இன்னும் கடலையே பாத்ததில்ல. பாவம்."

ராஜவேல் திருச்செந்தூர்க் கூட்டத்தில் இடிபட்டுக் கால் நனைத்ததோடு சரி. அதற்காக யாரும் அவரைப் பாவம் என்றதில்லை.

ரஸ்க், பரணி பெங்களூரில் வேலை பார்த்தபோது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய். பழுப்பு நிறம். வெளிநாடு கிளம்பியபோது அதை அருள்புரத்தில் அப்பா அம்மா வீட்டில் விட்டுப் போனான். வந்த புதிதில் ராஜவேல்தான் அதற்கு பிஸ்கட் வாங்கி வந்தார். ஆனால் அது சாரதாமணியின் சேலை முந்தானையை விட்டு நகரவில்லை.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது வேறு. முதலிபாளையத்தில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. மாலையில் அங்கிருந்து திரும்பும்போது, காம்பவுண்டுக்கு வெளியிலேயே மனைவியின் குரல் கேட்கும். எதையோ ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருப்பாள். நடுநடுவே சிரிப்பு. கேட்டைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும்.

"வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா?"

அவர் பங்குக்கு அவ்வளவுதான். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, தைலம் அலமாரியில் இருக்கிறது என்றாள். நாய் ஒரு காலைத் தாங்கி நடந்தபோது ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினாள்.

பயணத்தன்று காரில் சாரதாமணி பின்சீட்டில் ஏறி நாயை மடியில் சாய்த்துக்கொண்டாள். தனியாக உட்கார்ந்தால் அது பயப்படுமாம். ராஜவேல் முன்னால் தனியாக ஓட்டினார். தாராபுரம் தாண்டி டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர் பின்சீட்டு ஜன்னலில் குனிந்து, "அம்மாவுக்கு டீயா காப்பியா? டிரைவருக்கும் சேத்துப் போட்றட்டுமா?" என்று கேட்டார். சாரதாமணி சிரித்த சிரிப்பில் நாயும் சேர்ந்து குரைத்தது.

உப்பங்கழியைப் படகில் கடந்தார்கள். கூடாரங்களைப் பார்த்துக்கொள்ளும் மொக்கைச்சாமி, நாய்க்கென்றே வைத்திருந்த சிறிய மிதவைச் சட்டையை எடுத்து ரஸ்க்குக்கு மாட்டிவிட்டார்.

"அங்கிட்டு கடல் பக்கம் அலை சாஸ்தி, தள்ளியே நில்லுங்க. நாயி நல்லா நீந்தும், கவலப்படாதீக," என்றார்.

மணல்திட்டு அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத தண்ணீர், நடுவில் வெள்ளை மணல். ரஸ்க் அலையைத் துரத்திக்கொண்டு ஓடியது, அலை திரும்பி வந்ததும் அலறிப்புடைத்துக்கொண்டு சாரதாமணியின் காலடிக்கு வந்தது. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதனோடு ஓடினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஓடி அவர் பார்த்ததில்லை. அவரை ஒரு முறை கூப்பிட்டிருந்தால் அவரும் ஓடியிருப்பார்.

மாலையில் பரணி வீடியோவில் வந்தான். ராஜவேல் ஆசையாக முன்னால் போய் நின்றார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க. ரஸ்க்கை மறைக்கறீங்க பாருங்க."

தள்ளினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த மீன் வறுவல் அவருக்கு இறங்கவில்லை.

காலையில் கண் விழித்தபோது கூடாரத்தில் அவர் மட்டும் இருந்தார். ஈர மணலில் இரண்டு வரிசைத் தடங்கள் போயின. ஒன்று அவளுடையது, இன்னொன்று அதனுடையது. எங்கும் விலகாமல் ஒட்டியே போயிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. ராஜவேல் இந்தப் பக்கமே நின்றுகொண்டார். என்னதான் பேசுகிறாள் என்று இன்றைக்குத் தெரிந்துவிட வேண்டும்.

"லைசென்ஸ் தபால்ல வருமாமா. அவரு கையில சிக்கறதுக்குள்ள நாம வாங்கி வெச்சுக்கோணும், செரியா கண்ணு? நான் எட்டுப் போட்டது உனக்கும் அனுப்பிரியாவுக்குந்தான் தெரியும்."

அனுப்பிரியா எதிர்வீட்டுப் பெண். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். ராஜவேலுக்கு மெல்லத்தான் புரிந்தது. சாரதாமணி ஸ்கூட்டர் ஓட்டப் பழகியிருக்கிறாள். நாயை நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று காலையில் கிளம்பியதெல்லாம் அதற்குத்தான். வீட்டில் இருக்கும் மூன்று பேரில் அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் படகைச் சுற்றிக்கொண்டு வந்தார். ரஸ்க் எழுந்து அவரைப் பார்த்து உறுமியது.

"என்னைப் பாத்தாடா உறுமறே? நான் யாருன்னு தெரியலியா?" என்று கத்தினார். பிறகு அவளிடம் திரும்பி, "ஒரு நாய்கிட்டச் சொல்லத் தெரிஞ்ச உனக்கு எங்கிட்டச் சொல்லத் தெரியலியா?" என்றார்.

சாரதாமணி முகம் வெளுத்தது. அப்புறம் அவரை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, நாய்மேலயா உங்களுக்குப் பொறாமை?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஆமா," என்றார். "அது வந்த நாள்லருந்து."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"முந்தியெல்லாம் உங்ககிட்டத்தானுங்க எல்லாத்தையும் சொல்லீட்டிருந்தேன். இதையெல்லாம் எங்கிட்ட எதுக்கு ஒப்பிக்கறேன்னு நீங்கதான் கேட்டீங்க. அவன் அப்படிக் கேக்கறதில்லீங்க. காதை ஆட்டிக்கிட்டுக் கேட்டுட்டு இருக்கறான்."

"அதுக்காக வண்டி ஓட்டறதக்கூடவா மறைப்பே? பல்லடம் ரோட்டுல லாரி எப்படி வருதுன்னு தெரியுமா உனக்கு? எங்கியாச்சும் போகோணும்னா நான் ஒரு ஆளை..."

"பாத்தீங்களா," என்றாள் சாரதாமணி. "இதுக்குத்தானுங்க."

ராஜவேல் பாதியில் வாயை மூடிக்கொண்டார். நாய் அவள் மடியில் தலையை வைத்தது. அவள் கை தானாக அதன் காதைத் தடவியது. இருந்தாலும் அவர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டுப் போடறப்போ கால் ஊனுனியா?" என்று கேட்டார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"ஒருக்காகூட ஊனலீங்க! எனக்கு முன்னால ஒரு காலேஜுப் பையன் ஊனிப் போட்டானுங்க. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு. அந்தத் திருப்பத்துலதான் வழுக்கும்னு அனுப்பிரியா சொல்லியிருந்தா. எந்தத் திருப்பம்னா..."

சொல்லிப் புரியவைக்க முடியாமல் எழுந்தாள். ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் பெரிய எட்டு ஒன்றை இழுத்தாள். இல்லாத வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கோட்டுக்குள் நடந்தாள். ரஸ்க் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. ராஜவேலும் எழுந்து இரண்டடி வைத்தார்.

"நீங்க ஓரமா நில்லுங்க, கோட்டை அழிக்கறீங்க!"

"அவனுந்தான் அழிக்கறான்."

"அவன் சின்னப் பையனுங்க."

ராஜவேல் ஓரமாக நின்றார். சாரதாமணி திருப்பத்தில் உடம்பைச் சாய்த்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, பாதையையே பார்த்தாள். சுற்றி முடித்து மூச்சு வாங்க நின்றதும், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொருக்காப் போடு, பாக்கறேன்," என்றார்.