குழாய்க்காரரின் குழாய்

யாவ்லே நகரில் ராங்வால்டைப் போல வாய் நீண்ட குழாய்க்காரர் வேறு யாரும் இல்லை. நாற்பது வருஷமாக அடுக்குமாடி வீடுகளில் அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: பழைய குழாயைப் பிடுங்கி எறி, புதிதாகப் போடு. பழங்குழாய்க்குள்ளேயே புது உறை விட்டு ஒட்டவைக்கும் சக குழாய்க்காரன் ஃபோல்கேயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஓட்டைக் குழாய்க்குக் காலுறை மாட்டுறவன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த நாட்டில் அறுபத்தைந்து வயதில் எல்லா ஆண்களுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வயிற்று ஸ்கேன் கடிதம் அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார். வயிற்றில் இறங்கும் பெரிய ரத்தக்குழாய், இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டியது, ஐந்தே முக்கால் சென்டிமீட்டருக்குப் புடைத்திருந்தது. வெடித்தால் பிழைப்பது அரிது. மகள் ஆல்வாவின் கல்யாணமோ ஏழு வாரத்தில், நடுக்கோடைத் திருநாளில். அன்று அவளோடு ஆடிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

டாக்டர் தூவா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

"ரெண்டு வழி இருக்கு. வயித்தைத் திறந்து, புடைச்ச இடத்துல புதுக் குழாய் வெச்சுத் தைக்கலாம். தேற ரெண்டு மூணு மாசம் ஆகும். ஆனா அப்புறம் பெரும்பாலும் மறந்துடலாம். இல்லேன்னா தொடை இடுக்குல சின்னதா ரெண்டு துளை போட்டு, அது வழியா உள்ளே ஒரு உறையை விட்டு விரிச்சுடுவோம். மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா ஓரத்துல கசியுதான்னு ஆயுசு முழுக்க வருஷா வருஷம் பார்க்கணும். உங்களுக்கு ரெண்டுமே பொருந்தும்."

"கசியுமா? இதைத்தானே நான் நாப்பது வருஷமா கத்துறேன். திறந்தே பண்ணிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி குன்னெல் குறுக்கிட்டாள்.

"நீ குழாய் மாத்தின வீடுகள்ல, குடியிருந்தவங்க எங்கே குளிச்சாங்க?"

"முற்றத்துல கொட்டகை போட்டுக் கொடுப்போம்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம். சில இடத்துல நாலு."

"திட்டினாங்களா?"

"திட்டாம? ஒருத்தி என் தலையில காபியையே ஊத்தினா."

"இத்தனை நாளா நீ குழாய்க்காரன். இப்போ நீ குடியிருக்கிறவன். யோசிச்சுச் சொல்லு."

தூவா பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்து சிரித்தாள். ராங்வால்ட் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஆல்வா கல்யாணக் கோலத்தில் மனக்கண்முன் வந்து நின்றாள்.

"உறையையே மாட்டுங்க. ஃபோல்கே காதுக்கு மட்டும் போகக் கூடாது."

குன்னெலுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி; ஃபோல்கே காதுக்குப் போகாமல் இருக்குமா?

உறை மாட்டித் தேறிவிட்ட ராங்வால்ட், திருநாளன்று பூச்சுற்றிய கம்பத்தைச் சுற்றி, ஊர் வழக்கப்படி மகளின் கைபிடித்துத் தவளைபோலக் குதித்தார். மூச்சு வாங்க ஓரமாக வந்தபோது, கையில் கோப்பையோடு ஃபோல்கே காத்திருந்தான்.

"காலுறை எப்படிடா இருக்கு?"

"கசியலை."

"வருஷா வருஷம் காட்டணுமாமே. அதுதானே உனக்குப் பிடிக்காது?"

ராங்வால்ட் மாப்பிள்ளையோடு ஆடும் மகளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

"இப்போ பிடிச்சிருக்குடா. அடுத்த வருஷமும் வான்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க."

கோப்பையைப் பிடுங்கிப் புல்லில் வைத்துவிட்டு, ஃபோல்கேயையும் ஆட்டத்துக்குள் இழுத்தார்.