கண்வலி விதை

மலைமேல் இருக்கும் செம்மேடு தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்த நந்தகுமாருக்குத் தை மாதம் வலது கால் பெருவிரல் வீங்கிப்போனது. போர்வை உரசினால்கூட உயிர் போகிற வலி. யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று சொல்லி டாக்டர் ஓர் அட்டை மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் கூடாது.

மனைவி வளர்மதிக்குக் கரூரில் ஆசிரியை வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மலைக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடமாக அவர் வாடகை அறையில் தனியாக இருந்தார். மறுநாள் சனிக்கிழமை, அலுவலகம் இல்லை, பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை. வலியைத் தவிர நினைக்க வேறொன்றும் இல்லாததால் மணிக்கு ஒரு மாத்திரையாகப் போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அட்டையில் ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிறு காலை வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டன. வளர்மதி போன் செய்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்றார்.

பக்கத்து வீட்டுச் சின்னாயி வாசலில் தார்ப்பாய் விரித்துக் கண்வலிக்கிழங்கு விதையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அந்தக் கொடியைத்தான் அவள் அரை ஏக்கரில் போட்டிருந்தாள்.

"ஏனுங்க சார், விடிஞ்சதுலருந்து பாக்கறேன். கக்கூசுக்கும் ஊட்டுக்குமா நடக்கறீங்க. என்ன சாப்பிட்டீங்க?"

அவர் அட்டையை நீட்டினார். "கால் வலிக்குத்தானுங்க. ஒம்பது போட்டுட்டேன்."

"மூட்டு வலி மாத்திரைக்குத்தான் இந்த விதை போகுதுன்னு வாங்கற ஏவாரி சொல்லுவாருங்க. போன வருசம் என் ஆடு இதத் தின்னுபோட்டு, இப்பிடியேதான் கழிஞ்சு கழிஞ்சு செத்துப்போச்சு. கெளம்புங்க."

அவளே ஒரு வேன் பிடித்து, கூடவே நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். வளைவுக்கு வளைவு அவர் வாந்தியெடுக்க, சின்னாயி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த விதையிலருந்து பிரிச்செடுக்கற கால்சிசின்தான் இந்த மாத்திரைல இருக்கு" என்றார் அங்கிருந்த டாக்டர் ஸ்டெல்லா. "அளவோட எடுத்தா வீக்கத்தை அடக்கும். மீறினா உடம்புல செல் பிரியறதையே நிறுத்திடும். குடலும் முடி வேரும்தான் முதல்ல அடி வாங்கும். சீக்கிரம் வந்ததால பிழைச்சீங்க."

மறுநாள் வளர்மதி வந்தாள். நான்கு நாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் அவரை மலைக்குப் பஸ் ஏற்றிவிட்டு, பரீட்சை வேலை இருப்பதாகச் சொல்லி ஊருக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் தலை சீவும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. டாக்டர் சொன்னதுதான்; திரும்ப முளைக்கும் என்றும் சொல்லியிருந்தார். தெரிந்தும் சீப்பைக் கீழே வைத்துவிட்டார். வளர்மதியைக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னு சொன்னேனே, அன்னிக்கும் சாப்பிடல. எனக்கு இங்க தனியா இருக்க முடியல, வளரு."

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும்ங்க" என்றாள். "ரெண்டு மாசம்தான். மாற்றலுக்கு எழுதிப் போடுங்க."

"சரி" என்றார். போனை வைத்துவிட்டுத் தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளினார்.