ஜன்னலுக்கு அடியில் கிடந்த சொல்

ஷெல்லடியில் வலக்கை விரல்களில் மூன்றைப் பறிகொடுத்தவனுக்கு மவுஸ் பெரிய சோதனை. கணினித் திரையில் ஒரு ஜன்னலை நகர்த்த வேண்டுமென்றால் அதன் மேல்விளிம்பில் இருக்கும் தலைப்பட்டையைத்தான் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பட்டையோ அரை விரல் அகலம்கூட இல்லை. நிலோஜன் பிடிக்கப் போவான், அம்புக்குறி வழுக்கி வேறெதையாவது அமத்திவிடும். இதைக் கண்டுபிடித்தவனுக்கு இரண்டு கையும் முழுசாக இருந்திருக்க வேண்டும்.

அவன் வேலை செய்தது மட்டக்களப்பு டவுனில் இக்னேஷியஸின் அச்சகத்தில். சுனாமிக்குக் கடையையும் இயந்திரங்களையும் பறிகொடுத்துவிட்டு மறுபடி தொடங்கிய மனிதர். பொறுமை அவரிடம் மருந்துக்கும் கிடையாது. யுத்தம் முடிந்து ஒரு வருசம் ஆகியும் வந்த வேலையில் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலிதான். செத்தவர்கள் காத்திருப்பார்கள், சொந்தக்காரர் காத்திருப்பார்களா?

"ஒரு ஜன்னலப் பிடிக்க இவ்வளவு நேரமா மனே? இப்பிடியே போனா நான் வேற ஆள்தான் பாக்கணும்" என்று சொல்லியும் விட்டார்.

வேலை போனால் ஊருக்கு, கொக்கட்டிச்சோலைக்குத் திரும்பி, அந்தக் கையோடு வயல் வட்டையில் என்னத்தை வெட்டுவது? நிலோஜனுக்குச் சோறு இறங்கவில்லை. வந்தாறுமூலை கம்பஸில் படிக்கும் தங்கை வதனிதான் சின்னதாக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து போட்டாள்.

"இடக்கையால ஆல்ட் பொத்தான அமத்திக்கங்க அண்ணா. இனி ஜன்னல்ட நடுவுலயும் பிடிக்கலாம், மூலையிலயும் பிடிக்கலாம். எங்க பிடிச்சாலும் வரும்."

வந்தது. சொன்ன சொல் கேட்டு வந்தது. இக்னேஷியஸின் வாயும் அடைபட்டது. நிலோஜனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் உன்னிச்சையிலிருந்து புஸ்பம் வந்தாள். புருசன் நல்லரத்தினம் நெஞ்சுவலியில் போய்விட்டார், முப்பத்தோராம் நாளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஒரே மகன் ஜீவரூபன் வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன்.

"மகன்ட பேரும் போடணும் மனே. இரிக்கிற புள்ளைக்குப் போடுற மாதிரிப் போடு. அவரு சாகும்வரைக்கும் இவனப் பத்தி வேற கதை எடுக்க ஒருத்தரையும் விடல்ல."

இந்த நோட்டீஸ்களில் உறவு முறை எழுதும்போது, முன்னமே இறந்தவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்றுதான் ஊர் முதலில் பார்க்கும்.

புதிய வேகத்தில் நிலோஜன் பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றினான். நல்லரத்தினத்தின் படம் இருந்த ஜன்னல் கீழ்வரிகளை மூடிக்கொண்டு கிடந்தது.

"எழுத்தக் காட்டு மனே, ஒருக்கா வாசிச்சிப் பாக்கன்" என்றாள் பக்கத்தில் இருந்த புஸ்பம்.

ஆல்டை அமத்தி, நல்லரத்தினத்தின் நெஞ்சிலேயே அம்புக்குறியை வைத்து ஓரமாக இழுத்தான். முந்தியென்றால் அந்தப் பட்டையோடு அவன் மல்லுக்கட்டி, படம் கொஞ்சங்கொஞ்சமாக விலகுவதற்குள் தெரியும் வரிகளைத் தானே ஒரு தடவை வாசித்திருப்பான். இப்போது ஜன்னல் இலேசாக விலகிவிட்டது.

'காலஞ்சென்ற ஜீவரூபனின் அன்புத் தந்தையும்' என்று கிடந்தது.

இவள் ஒரு சத்தம் போட்டால் போதும், வேலை போய்விடும். அதைவிட, பெற்றவளின் முகத்துக்கு நேரே அல்லவா மகனைக் கொன்றுவிட்டான்! பதறிப்போய்ப் படத்தை இழுத்து அந்த வரியை மூடினான்.

"பிழை அம்மா. பழைய நோட்டீஸ்ல கிடந்த சொல்லு. மன்னிச்சுக்கங்க, இப்ப அழிக்கன்."

"மூடாத மனே. விலத்து."

விலத்தினான். புஸ்பம் திரைக்குக் கிட்டக் குனிந்து, எழுத்தெழுத்தாக உதட்டை அசைத்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"அவரு இரிந்திருந்தா இந்தப் பெட்டிய அடிச்சு உடைச்சிருப்பார்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இத அழிச்சா, பிறகு தேவைப்பட்டாத் திரும்பப் போட ஏலுமா?" என்று கேட்டாள்.

"ஏலும் அம்மா. எப்பயும் போடலாம்."

புஸ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப இப்ப அழி மனே. அவர்ட நோட்டீஸ்ல மட்டும் வேணாம்."